டப்பாவில் வரும் அக்ரிலிக் பட்டி: எந்தச் சுவருக்கு ஆகும், எவ்வளவு ஆகும்

பெயின்டுக்கு முன் சுவரை மட்டமாக்க, கலக்காமல் அப்படியே எடுத்துப் பூசும் அக்ரிலிக் பட்டி (putty), உள்சுவர் வேலைக்கு நல்ல பொருள். வெள்ளை சிமெண்ட் பட்டியைத் தண்ணீரில் குழைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். இதில் அந்த அவசரம் இல்லை. தகட்டில் வழுவழுவென்று ஓடும், காய்ந்தபின் தேய்ப்பதும் சுலபம். ஏற்கெனவே பெயின்ட் அடித்த, ஓதம் இல்லாத சுவரைப் புதுப்பிக்க இதையே தாராளமாக வாங்கலாம்.

டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். அது மட்டமான சுவருக்கான கணக்கு. 1 லிட்டர் பட்டியை 1 மி.மீ. கனத்தில் இழுத்தால் 1 சதுர மீட்டர், அதாவது 10.76 சதுர அடி வரும். லிட்டருக்கு ஏறக்குறைய 1.7 கிலோ எடை என்று கொண்டால், 1 கிலோ அந்தக் கனத்தில் 6 சதுர அடிக்குத்தான் எட்டும், அரை மி.மீ. என்றால் 12.

12-க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழித்தால் 403. சுவர் மட்டமாக இருந்தால் இரண்டு கோட்டுக்கும் சேர்த்து அரை மி.மீ. கணக்கில் 34 கிலோ போதும். மேடுபள்ளத்தால் சராசரிக் கனம் 1 மி.மீ. ஆகிவிட்டால் 67 கிலோ போகும். அதனால் வாங்குமுன் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நிழல் கட்டும் இடமெல்லாம் பட்டி குடிக்கும் இடம். ஆழமான பள்ளத்தை இதால் ஒரே கோட்டில் நிரப்பக் கூடாது: மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று, சுருங்கும்போது வெடிப்பு விடும். அங்கே முதலில் சிமெண்ட் பூச்சு வைத்து, அது நன்றாகக் காய்ந்தபின் பட்டிக்கு வாருங்கள்.

ஓதச் சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இது ஆகவே ஆகாது. ஈரம் பட்டால் இளகி, பெயின்டோடு பொரிந்து வரும். சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கட்டினால் முதலில் கசிவைச் சரிசெய்ய வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் கை வைத்துத் தேய்த்தால் மாவு ஒட்டும். அதைச் சுரண்டாமல் பூசினால் பட்டி பாளம் பாளமாகக் கழன்றுவிடும். இதற்குப் பட்டியைக் குறை சொல்வது நியாயமில்லை.

வரிசை முக்கியம். பிரைமர் என்ற அடிப்பூச்சு, மெல்லிய கோட்டாக இரண்டு தடவை பட்டி, 180 நம்பர் உப்புத்தாள், கடைசியாக 320. தேய்த்த தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காயவிட்டு, மறுபடி ஒரு கோட் பிரைமர். பலர் மிச்சம் பிடிப்பது இந்த இரண்டாவது பிரைமரில்தான். அதை விட்டால், மேலே அடிக்கும் எமல்ஷன் பெயின்டைப் பட்டி உறிஞ்சி, சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும், மூன்றாவது கோட்டும் கேட்கும். பிரைமர் அடித்திருந்தால் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று போடலாம். இந்த 403-க்கு மூன்றரை லிட்டர். கூரை 120 சதுர அடி, அதற்குத் தனியாக 1 லிட்டர்.