மெல்லிய இறுவட்டுப் பெட்டி: கண்ணாடி மாதிரியா, பால்நிறமா?

எங்கள் அலுமாரியில் எண்பதுக்கு மேல் இறுவட்டுகள் (சீடி) இருக்கின்றன. கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று எல்லாமே 2009க்குப் பிறகு எடுத்தவை. அதற்கு முந்திய படம் ஒன்றும் கைவசம் இல்லை. வன்னியில் பல வீடுகளில் இதே கதைதான். அதனால் மிஞ்சியதை ஒழுங்காக வைக்க மலிவுப் பெட்டி தேடினேன்.

கடதாசி உறை தான் எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் கார்த்திகை, மார்கழி மழையில் ஈரம் பிடித்துவிடும், மற்ற மாதங்களில் கறையான் பார்த்துக்கொள்ளும். அதை விடுவோம்.

மிச்சம் இரண்டு. ஒன்று கண்ணாடி போலத் தெளிவான பொலிஸ்டைரீன் மெல்லிய பெட்டி. சாதாரணப் பெட்டி 10 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் தடிப்பு, இது அதில் பாதி. ஒரு அடி நீளத் தட்டில் சாதாரணப் பெட்டி 29 அடுக்கலாம், இது 58. பார்க்கவும் நல்ல வடிவு. ஆனால் பொலிஸ்டைரீன் வளையாது, உடையும். மூடியைப் பிடிக்கும் சின்னக் காது ஒன்று போனால் மூடி கையோடு வந்துவிடும். நான் வாங்கிய பத்தில் மூன்று, மோட்டார் சைக்கிள் பையில் கிரவல் வீதியால் வந்த அன்றே காது போய்விட்டன. நடுவில் இறுவட்டைக் கவ்வும் பற்களும் அப்படியே. ஒன்று முறிந்தால் துண்டு உள்ளே உருண்டு இறுவட்டைக் கீறும்.

மற்றது பால்நிறப் பொலிப்ரொப்பிலீன் பெட்டி. மூடியும் அடியும் ஒரே துண்டு, மடிகிற இடத்தில் மட்டும் மெல்லிதாக விட்டிருப்பார்கள். இந்தப் பிளாஸ்டிக் பலமுறை மடித்தாலும் இலேசில் அறாது. கீழே விழுந்தாலும் நெளியும், அவ்வளவுதான். குறை என்னவென்றால் உள்ளே இருப்பது மங்கலாகத்தான் தெரியும், அழகும் குறைவு.

இரண்டுக்கும் பொதுவான தலையிடி, பெயர் எழுதும் முதுகு இல்லாதது. தட்டில் நிறுத்தினால் எது யாருடைய கலியாணம் என்று தெரியாது. நான் விளிம்பில் சிறு துண்டு ஒட்டி இலக்கம் போட்டு, கொப்பியில் பட்டியல் எழுதிவைத்திருக்கிறேன்.

இன்னொன்று: சீடியின் எழுத்துப் பக்கம் பாதுகாப்பானது என்று நினைத்து அதை நிலத்தில் வைப்பவர்கள் உண்டு. தரவைத் திருப்பிக் காட்டும் உலோகப் படலம் அந்தப் பக்கத்தில், மெல்லிய அரக்குப்பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் மீட்க வழியில்லை. வீட்டில் பதிவுசெய்த வட்டின் சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் கெடும் என்பதால், எந்தப் பெட்டியானாலும் தகரக் கூரைக்கு நேர் கீழேயும் யன்னலோரத்திலும் வைக்கவேண்டாம்.

சரி, நான் இப்போது வாங்குவது பால்நிறப் பெட்டி. அக்காவின் கலியாண வட்டுகள் மூன்றை மட்டும் பழைய தடித்த பெட்டியிலேயே விட்டிருக்கிறேன். முதுகில் பெயர் இருப்பதால் அம்மா என்னைக் கூப்பிடாமலே எடுத்துப் போட்டுப் பார்ப்பார்.