மூன்றாவது பட்டிதான் உட்கார்ந்தது: அலுமினிய ரெட்யூசர் ரிவ்யூ

வுட்டன் ஃப்ளோரிங் போடப் போகிறவர்கள் எல்லாரும் பலகையின் கலரைத்தான் பத்து நாள் யோசிப்பார்கள். வாசலில் அந்தப் பலகை முடிந்து டைல்ஸ் ஆரம்பிக்கிற இடத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை, அதனால்தான் மூன்றடிகூட இல்லாத ஒரு வாசலில் அந்த இடத்தை மூட எட்டு மாதத்தில் மூன்று பட்டி வாங்கினேன். மூன்றாவதாக வாங்கிய அலுமினிய ரெட்யூசருக்குத்தான், அதாவது உயரமான தரையிலிருந்து தாழ்வான தரைக்குச் சரிவாக இறங்குகிற பட்டிக்குத்தான், இந்த ரிவ்யூ. ஆனால் முதல் இரண்டின் கதையைச் சொல்லாமல் இது ஏன் நல்லது என்று சொன்னால் விளங்காது.

வீடு வேளச்சேரியில், இரண்டாவது மாடி ஃப்ளாட். எல்லா அறையிலும் பில்டர் போட்ட இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைட் டைல்ஸ். படுக்கையறையில் மட்டும் அதை உடைக்காமல் மேலேயே 2 மி.மீ. ஃபோம் விரித்து 8 மி.மீ. லேமினேட் பலகை போட்டோம். ஆக, அறை ஹாலைவிட 10 மி.மீ. உயரமாகிவிட்டது. இந்தப் பலகையைத் தரையில் ஒட்ட மாட்டார்கள், ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு அப்படியே மிதந்து கிடக்கும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் கொஞ்சம் விரியும், ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் கொஞ்சம் சுருங்கும். அதற்காகத்தான் சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. வரை இடம் விட்டுப் போடுகிறார்கள். சுவர் ஓரத்தில் அந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். வாசலில் சுவரும் இல்லை, ஸ்கர்ட்டிங்கும் இல்லை. அங்கே மறைக்கத்தான் இந்தப் பட்டி.

எங்கள் ஊர் வீட்டில் இந்தப் பிரச்சினையே கிடையாது. நிலைக்கு நாலு பக்கமும் மரம், கீழே நிலைப்படி. ஒரு பக்கம் ரெட் ஆக்சைடு, மறுபக்கம் வெறும் சிமென்ட் என்றாலும் இரண்டும் படியில் வந்து முட்டி நின்றுவிடும், உயர வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. ஃப்ளாட்டில் நிலைக்கு மூன்று பக்கம்தான். பலகை போட்ட அன்றைக்கே அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "படி இல்லாத வாசல்டா இது, பெருக்குற குப்பை பூரா அந்தப் பள்ளத்துலதான் போய் உக்காரும்" என்றார். அப்படியேதான் ஆனது. குப்பையோடு எறும்பும் வந்தது.

முதல் பட்டி, ஃப்ளோரிங் போட வந்த ஆட்களே வேனில் வைத்திருந்தது. டி ப்ரொஃபைல். மேலே தட்டையாக ஒரு மூடி, நடுவில் கீழே இறங்குகிற ஒரு கால், அவ்வளவுதான். இரண்டு பக்கத் தரையும் ஒரே உயரத்தில் இருந்தால் இதைப்போல் எளிதான சாமான் வேறில்லை. எங்கள் வாசலிலோ ஒரு பக்கம் 10 மி.மீ. பள்ளம். பட்டி பலகைப் பக்கம் ஏறி, ஹால் பக்கம் அந்தரத்தில் நின்றது. கால் வைத்தால் 'டக்', எடுத்தால் 'டக்'. அடியில் சிலிகானை அப்பிவிட்டுப் போனார்கள், மூன்று வாரத்தில் அதுவும் பெயர்ந்து வந்துவிட்டது. போன் செய்து கேட்டதற்கு, "சார், நாங்க எல்லா வீட்டுக்கும் இதான் போடுறோம்" என்று பதில். அந்த எல்லா வீடுகளையும் நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இரண்டாவது பட்டி பார்க்க அவ்வளவு அழகு. எம்.டி.எஃப். மேல் எங்கள் பலகையின் அதே தேக்கு டிசைன் ஃபிலிம் ஒட்டிய ரெட்யூசர். வகை சரிதான். வந்தவர்கள் எல்லாம் எங்கே பலகை முடிகிறது என்றே தெரியவில்லை என்று சொன்னார்கள், நானும் நான்கு மாதம் பெருமையாகத்தான் இருந்தேன். ஆனால் நம் வீடுகளில் தரையைத் தினமும் ஈரத்துணியால் துடைப்போம். ஹாலைத் துடைக்கிறபோது மாப்பின் ஈரம் தினமும் போய் நிற்கிற இடம் சரியாக அந்தப் பட்டியின் நுனிதான். எம்.டி.எஃப். என்பது மர நாரைப் பசை போட்டு அழுத்திய பலகை, வெட்டிய ஓரத்தில் தண்ணீர் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். முதலில் நுனி லேசாக உப்பியது, பிறகு மேல் ஃபிலிம் ஒரு ஓரத்தில் கிளம்பியது, ஐந்தாவது மாதம் நகத்தால் இழுத்தால் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக வந்தது. ஈரத்துணி போடுகிற வீட்டில் வாசலுக்கு இதை வாங்கவே வாங்காதீர்கள். ஆபீஸ் கேபின், காய்ந்த துணியால் மட்டும் துடைக்கிற இடம் என்றால் சரி.

மூன்றாவது முறை பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய ஹார்டுவேர் கடைக்கு நானே போனேன், கையில் மிச்சமிருந்த பலகைத் துண்டையும் ஃபோம் துண்டையும் எடுத்துக்கொண்டு. கல்லாவில் இருந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "இந்தப் பக்கம் என்ன உயரம், அந்தப் பக்கம் என்ன உயரம்?" எட்டு மாதத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஃபோமைக் கண்ணாடி மேஜையில் விரித்து, அதன்மேல் பலகைத் துண்டை வைத்து, மூன்று நான்கு ப்ரொஃபைல்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றின் நுனி மேஜையைத் தொடவில்லை, ஒன்று பலகையின் மேல் உட்காரவில்லை. மூன்றாவது இரண்டு பக்கமும் படிந்தது. அதன்மேல் உள்ளங்கையை ஓட்டி, "பாருங்க, தட்டுதா?" என்றார். தட்டவில்லை.

அனோடைஸ் செய்த அலுமினியம், லேசான தங்க நிறம், 40 மி.மீ. அகலம், 2.7 மீட்டர் நீளம். கீழே தரையில் திருகுகிற ஒரு சேனல், அதன்மேல் அழுத்தி மாட்டுகிற மூடி, அதனால் திருகின் தலை வெளியே தெரியாது. 1,150 ரூபாய் ஆனது. எங்கள் வாசல் நிலைக்கால்களுக்கு நடுவே 34 அங்குலம்தான், ஒரு நீளத்தில் மூன்று வாசல் வெட்டலாம். பக்கத்திலேயே இதைவிட மலிவாக, பளபளவென்று தங்க ஃபிலிம் ஒட்டியதும் இருந்தது. அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அனோடைஸ் என்பது அலுமினியத்தின் மேற்பரப்பையே கெட்டியாக்குவது, மேலே ஒட்டிய தோல் இல்லை, அதனால் உரிவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

பொருத்தியது எங்களுக்குத் தெரிந்த கார்பென்டர், இரண்டு மணி நேர வேலை. கூடவே நின்று பார்த்ததில் சில விஷயங்கள். அளவைத் தரையோடு தரையாக எடுக்க வேண்டும். எங்கள் நிலைக்கால் மேலே இருப்பதைவிடக் கீழே 3 மி.மீ. உள்ளே வந்திருந்தது. மேலே எடுத்த அளவில் வெட்டியிருந்தால் பட்டி உள்ளே போயே இருக்காது. விட்ரிஃபைட் டைல்ஸில் துளை போடும்போது ட்ரில்லில் ஹேமரை, அதாவது இடித்து இடித்துத் துளைக்கிற முறையை, நிறுத்திவிட்டு, மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல் பிட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு மெதுவாகப் போட்டார். ஹேமரோடு அடித்தால் டைல்ஸ் விரிசல் விட்டுவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், சேனலைத் திருக வேண்டியது தரையில், பலகையில் இல்லை. பலகையில் திருகிவிட்டால் அது நகர முடியாமல் வேறு எங்கேயோ கூடாரம் மாதிரி எழும்பும். மூடியின் ஓரம் பலகையின்மேல் சும்மா படுத்திருக்கும், அடியில் பலகை விரிய 6 மி.மீ. விட்டிருக்கிறார். ஹால் பக்க நுனியில் மட்டும் மெல்லிசாக நியூட்ரல் சிலிகான் ஓட்டினார், மாப் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க. புளிச்ச வாடை வருகிற சாதாரண சிலிகான் உலோகத்தை அரிக்கும், கிரானைட்டில் கறை விடும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கதவு மூடியிருக்கும்போது பட்டி சரியாகக் கதவுக்கு அடியில் வர வேண்டும், அப்போதுதான் ஹாலில் நிற்பவருக்குப் பலகை தெரியாது, அறைக்குள் இருப்பவருக்கு டைல்ஸ் தெரியாது. கதவின் அடி உரசியதால் அதையும் 4 மி.மீ. சீவ வேண்டியிருந்தது. அந்தக் கூலி தனி.

ஏழு மாதம் ஆகிறது. ஒரு சத்தம் இல்லை. அம்மா காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பார், 10 மி.மீ. படி அவருக்குப் பெரிய விஷயம், பழைய பட்டியில் இரண்டு முறை பெருவிரலை இடித்துக்கொண்டார். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதியில் தரை மட்டம் கால் அங்குலத்துக்கு மேல் மாறினால் சரிவு வைக்கச் சொல்கிறார்கள், நம்முடையது கால் அங்குலத்தைத் தாண்டிய கணக்கு. இப்போது இடிப்பதில்லை, சூட்கேஸ் சக்கரமும் தடுக்காமல் ஏறுகிறது.

குறைகளும் உண்டு. மார்கழிக் காலையில் வெறுங்காலுக்குச் சில்லென்று இருக்கும். இரும்புக் கட்டிலை இழுத்தபோது விழுந்த கீறல் அப்படியே நிற்கிறது, மறைக்க வழியில்லை. சிலிகான் ஓட்டிய கோட்டில் அழுக்கு பிடிக்கிறது, மாதம் ஒரு முறை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். அப்புறம், தேக்கு நிறப் பலகைக்குப் பக்கத்தில் இது உலோகமாகத்தான் தெரியும், மரம் மாதிரி நடிக்காது. என் மனைவிக்கு இது இன்னும் உறுத்துகிறது, எனக்கு இல்லை. 10க்கு 8 கொடுப்பேன்.

பாத்ரூம் வாசலில் பில்டர் வைத்த கிரானைட் பட்டி ஏற்கெனவே உயரமாக இருந்ததால் அங்கே இது வேண்டியிருக்கவில்லை, பலகையின் ஓரத்தை மட்டும் மூடுகிற ஒரு எண்ட் ப்ரொஃபைல் போதுமாக இருந்தது. அந்த முதல் டி பட்டியை நான் தூக்கிப் போடவில்லை. சமையலறை வாசலில் ஹால் டைல்ஸுக்கும் உள்ளே இருக்கிற டைல்ஸுக்கும் நடுவே 9 மி.மீ. கோடு, ஒயிட் சிமென்ட் உதிர்ந்து கிடந்தது, இரண்டு பக்கமும் ஒரே மட்டம். கார்பென்டர் அதை 30 அங்குலத்துக்கு வெட்டி, கொஞ்சம் சிலிகான் வைத்து அழுத்தினார். அன்றிலிருந்து அது அசையவே இல்லை.