கிரானைட்டா, மணற்கல்லா, சுண்ணாம்புக்கல்லா: சுவருக்கு ஒன்று, தரைக்கு வேறொன்று

கல் வாங்கப் போகிற பலரும் நிறத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள், அதை எங்கே போடப்போகிறோம் என்ற யோசனை அப்புறம்தான் வருகிறது. சுவரில் காலத்துக்கும் நிற்கிற கல் தரையில் தேறாமல் போகலாம்.

திறந்தவெளித் தளத்துக்கு என் ஓட்டு கிரானைட்டுக்குத்தான். கல் எவ்வளவு கீறலைத் தாங்கும் என்பதை 1 முதல் 10 வரை சொல்கிற மோஸ் அளவில் கடினத்தன்மை 6 முதல் 7, தண்ணீரையும் பெரிதாக உறிஞ்சாது, நாற்காலியை இழுத்தாலும் லேசில் கீறல் விழாது. ஆனால் பாலிஷ் போட்டதை மழை படுகிற இடத்தில் பாவினால் யாராவது வழுக்கி விழுவது உறுதி. அதே கல்லைத் தீயில் வாட்டிய பினிஷில் கேளுங்கள்: சூட்டில் கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத் துகள்கள் விரிந்து மேல்பரப்பு சில்லுச் சில்லாகத் தெறித்து, சொரசொரவென்று காலுக்குப் பிடிப்பு கிடைக்கும். கறுப்பு மட்டும் வேண்டாம், மதிய வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது.

மணற்கல் பார்க்க அழகு, பிடிப்பும் நன்றாக இருக்கும். சிக்கல் என்னவென்றால் அந்தப் பெயரில் கிடைப்பதெல்லாம் ஒரே தரம் இல்லை. மணலை ஒட்டவைத்திருப்பது சிலிக்கா என்றால் நீண்ட நாள் உழைக்கும், களிமண் என்றால் ஈரம் பட்டுப் பட்டு உதிர ஆரம்பிக்கும். உலர்ந்த துண்டின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். விட்டதும் குடித்துவிட்டால் நிழலும் ஈரமுமான மூலைக்கு அது ஆகாது, பாசி பிடிக்கும். பனி உறைகிற ஊர் என்றால் இன்னும் மோசம், உள்ளே போன நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து கல்லையே பிளந்துவிடும்.

சுவருக்கு மணற்கல் தாராளமாகப் போகலாம், ஒரே நிபந்தனை: கல்லின் அடுக்குகள் படுக்கைவாக்கில் இருக்க வேண்டும். அடுக்கு சுவரின் முகத்தைப் பார்த்தபடி நிறுத்தி வைத்துக் கட்டினால் முன்பக்கம் ஏடு ஏடாகக் கழன்று வரும். கட்டுகிற கொத்தனாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிம வகை, கடினத்தன்மை 3தான். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தால் போதும், பளபளப்பு போய் மங்கல் தடம் விழும், ஆசிட் ஊற்றிக் கழுவுகிற வீட்டில் கேட்கவே வேண்டாம். வெளிர் நிறமாகக் கிடைப்பதால் வெயிலில் அவ்வளவாகச் சுடாது, அது ஒன்றுதான் ஆறுதல். சாப்பிட உட்காரும் தளத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஸ்லேட் சரிதான், ஆனால் சிலவற்றில் பைரைட் என்ற இரும்புக் கனிமத் துகள் இருக்கும், மழையில் துருக்கறை வழியும்.

சுவரில் ஒட்டுவதென்றால் எடையைக் கணக்குப் போடுங்கள். 3 செ.மீ. கிரானைட் பலகை சதுர மீட்டருக்கு 80 கிலோ வரும், அதற்குப் பசையை மட்டும் நம்பக்கூடாது, எஃகுக் கொக்கியும் வேண்டும். மண்ணைத் தாங்கும் சுவரில் எந்தக் கல் என்பதைவிடப் பின்னால் தேங்கும் நீருக்கு வழி விட்டிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

தோட்டத்து நடைபாதைக்குக் கூழாங்கல் அழகென்று கொட்டிவிடாதீர்கள். உருண்டையாக இருப்பதால் காலடியில் நழுவும். உடைத்த சல்லி ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். கூழாங்கல் செடிகளைச் சுற்றிப் போட நல்லது.