ஆறு வருடமாக என் காதில் இருக்கும் ஹெட்செட்

போன வாரம் காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவன் போன் செய்தான். நான் ஓட்டும் ஏடிஆர் என்ற புரொப்பெல்லர் விமானத்துக்கான டைப் ரேட்டிங், அதாவது அந்த ரகத்தை ஓட்டும் தகுதி, முடித்துவிட்டான், அடுத்த மாதம் ஒரு நிறுவனத்தில் கோ-பைலட்டாகச் சேர்கிறான். "அண்ணா, எந்த ஹெட்செட் வாங்கட்டும்? நீங்க வச்சிருக்கறதையே வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். அன்று மதியம்தான் என் ஹெட்செட்டுக்குக் காதைச் சுற்றி அமரும் புது இயர் குஷன் மாட்டி முடித்திருந்தேன். பழையதிலிருந்து உதிர்ந்த கருப்புத் துணுக்குகள் இன்னும் மேசை மேல் கிடந்தன. "அப்புறம் சொல்றேன்டா தம்பி" என்று போனை வைத்துவிட்டேன். வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

2019 டிசம்பரில் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியது. இரைச்சலை எதிர் ஒலியால் அடக்கும் வகை, இரண்டு ஏஏ பேட்டரி போட வேண்டும். கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த வகையில் எதை வாங்கினாலும் நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

அதற்கு முன்னால் பயிற்சிப் பள்ளிக் காலத்தில் டேவிட் கிளார்க் எச்10-13.4 வைத்திருந்தேன். பச்சைக் கிண்ணம் இரண்டு, பேட்டரி கிடையாது, 23 டெசிபல் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். இரும்பு மாதிரி உழைத்தது. ஆனால் அந்த வகை உயர்ந்த சுருதிச் சத்தத்தைத்தான் நன்றாகத் தடுக்கும், தாழ்ந்த ரீங்காரம் உள்ளே வந்துவிடும். ஏடிஆரில் பிரச்சினையே அந்த ரீங்காரம்தான்.

கணக்கு எளிது. ஏடிஆர் 72-600ன் புரொப்பெல்லருக்கு ஆறு இறக்கை. டேக்-ஆஃப் சமயம் நிமிடத்துக்கு 1,200 சுற்று, அதாவது நொடிக்கு 20. ஆறால் பெருக்கினால் 120 ஹெர்ட்ஸ். மேலே போய்ச் சுற்றை 82 சதவீதத்துக்குக் குறைத்ததும் 98 ஹெர்ட்ஸ். காக்பிட் புரொப்பெல்லருக்கு வெகு முன்னால் இருப்பதால் நடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பயணிக்குக் கேட்கிற அளவு எங்களுக்குக் கேட்காது. அதற்குப் பதிலாக முன் கண்ணாடியில் மோதும் காற்றின் இரைச்சல் சேர்ந்துகொள்ளும். ஒரு நாளில் நான்கு செக்டர், அதாவது நான்கு முறை ஏறி இறங்குவது, சில நாள் ஆறு. சாயங்காலம் அறைக்கு வந்து விளக்கை அணைத்த பிறகும் காதுக்குள் 'ங்ங்' என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

புது ஹெட்செட்டைப் போட்டு ஸ்விட்சை அழுத்திய முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கரண்ட் போனதும் கிணற்று மோட்டார் நின்று மாந்தோப்பே சட்டென்று அமைதியாகுமே, அப்படி இருந்தது. காற்றின் சீறல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடியில் இருந்த அந்தக் கனம் மட்டும் காணாமல் போய்விட்டது. தரையிலிருந்து வழிகாட்டும் கன்ட்ரோலரின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல வந்தது. அதுவரை நான்காவது செக்டரில் திருப்பித் திருப்பி "சே அகெய்ன்" கேட்பவன், அன்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ராத்திரி காதில் ரீங்காரமும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஆறு வருடத்தில் ஒரு நாளும் அது என்னை ஏமாற்றியதில்லை. இது முழு மனதோடு சொல்வது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். அந்த இயர் குஷன்.

தோல் மாதிரி தெரியும், தோல் இல்லை. எட்டு, ஒன்பது மாதத்தில் ஓரத்தில் சுருக்கம் விழும். அப்புறம் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். ஏடிஆரில் தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிரும் தருவதற்குத் தனிக் குட்டி எஞ்சின் கிடையாது. வலது எஞ்சினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைப்போம், ஹோட்டல் மோடு என்று பெயர். மே மாதத்தில் அந்தக் குளிர் காக்பிட்டுக்குப் போதாது. இருபத்தைந்து நிமிடம் கீழே நின்றால் காதோரம் வியர்வை வழிந்து குஷனுக்குள் இறங்கும். மேலே போனதும் காயும். அடுத்த ஊரில் மறுபடி நனையும். அப்படி நனைந்து காய்ந்தே அது செத்துப் போகிறது. வெள்ளைச் சட்டையில், தோள்பட்டைக் கோடுகளுக்குப் பக்கத்தில் கருப்புத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். ஒருநாள் பயணிகளை வழியனுப்பக் கதவருகே நின்றபோது ஒரு பாட்டி, "தம்பி, தோள்ல ஏதோ பூச்சி" என்று தட்டிவிட்டார்.

சட்டை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். குஷன் கிழிந்து காதைச் சுற்றி இடைவெளி விழுந்தால் உள்ளே இரைச்சலை அளக்கும் மைக்குக் கணக்குத் தப்புகிறது. ரீங்காரம் பாதி திரும்ப வந்துவிடும், சில சமயம் குமுக் குமுக் என்று காதுக்குள் அழுத்தம் அடிக்கும். கூலிங் கிளாஸின் தடித்த காம்பு ஒன்றே போதும், நல்ல குஷனில்கூட அதே வேலையைச் செய்துவிடும். மெல்லிய கம்பிக் காம்புள்ளதாக மாற்றிக்கொண்டேன். ஆக, லட்ச ரூபாய்ப் பொருளின் உயிர் வருடத்துக்கு ஒருமுறை உதிர்கிற ஒரு வளையத்தில் இருக்கிறது. அந்த வளையம் ஜோடி நான்காயிரத்துக்கு மேல். பெங்களூருவில் கேட்டால் ஸ்டாக் இல்லை, மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரம் டேப் ஒட்டிப் பறந்திருக்கிறேன். இதுவரை ஐந்து முறை மாற்றியாகிவிட்டது.

மைக் கேபிள் ஒருமுறை போனது, மாற்றினேன். பேட்டரி சொல்லாமல் கொள்ளாமல் தீராது, விளக்கு சிவப்பாகும். இரண்டு உதிரி பையில் எப்போதும் இருக்கும். இவை எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

வாங்கி மூன்று மாதத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டுப் பயணிகள் விமானம் எதுவும் பறக்கவில்லை. சம்பளம் வெட்டினார்கள், ஹெட்செட்டுக்கு மாதத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. நான் கிருஷ்ணகிரி வீட்டில் இருந்தேன். ஒருநாள் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அப்பா பர்கூர்ப் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் கம்பெனியில் 22 வருடம் வேலை பார்த்தவர். கட்டிங் மெஷின் கல்லில் இறங்கும்போது எழும் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். அந்த 22 வருடத்தில் அவர் காதுக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அம்மா பழைய தலையணையிலிருந்து பஞ்சைப் பிய்த்து, டிபன் பாக்ஸ் மூடிக்குள் வைத்து அனுப்புவார். அதை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார். இன்று வீட்டில் டிவி ஓடினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நான் விடுமுறைக்கு வந்தால் அப்பாவிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

ஹெட்செட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். தலையில் மாட்டிக்கொண்டார். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இதப் போட்டா நல்லா கேக்குமாடா?" என்றார்.

"இல்லப்பா, இது கேக்காம இருக்கறதுக்கு" என்று கத்தினேன். அவருக்கு அது விளங்கவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

2023-ல் வருடாந்திர மெடிக்கலுக்குப் போனபோது காது கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்தார்கள். பைலட்டுக்கான கிளாஸ் ஒன் மெடிக்கலில் 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேலும், 3000-ல் 50 டெசிபலுக்கு மேலும் இழப்பு இருக்கக்கூடாது. எனக்கு எல்லாமே சரி, பாஸ். ஆனால் அந்தத் தாளில் இடது காதின் கோடு 4000-ல் குழிபோல இறங்கி மறுபடி ஏறியிருந்தது. இரைச்சலால் காது கெடும்போது முதலில் அடிபடுவது அந்த இடம்தான் என்று டாக்டர் சொன்னார். 4000 விதியில் இல்லை, அதனால் ஃபிட் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். என் கணக்கில் அந்தக் குழி ஹெட்செட் வாங்குவதற்கு முந்தைய வருடங்களுடையது. காக்பிட்டில் தொங்கும் பொது ஹெட்செட்டைப் போட்டுப் பறந்த வருடங்கள் அவை. அதன் மைக் ஃபோமில் முந்தைய ஆளின் காப்பி வாசம் வரும், இயர் குஷன் கல் மாதிரி இறுகியிருக்கும்.

அன்று கிருஷ்ணகிரிக்கு வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான். தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து ஹெப்பால், சில்க் போர்டு, ஓசூர் தாண்டி வீட்டுக்கு வர மூன்று மணி நேரம் ஆகும், யோசிக்க நேரம் தாராளம். லைஃப் ஜாக்கெட்டை நாம் வாங்கிக்கொண்டு போகிறோமா? ஆக்ஸிஜன் மாஸ்க்? காதைக் காக்கும் பொருள் மட்டும் எப்படிச் சொந்தச் செலவாகிறது?

காக்பிட்டில் சொன்னால் எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஹெட்செட்டை நிறுவனமே தர வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி, "கையெழுத்துப் போடுங்க கேப்டன்" என்று நீட்டினால் ஆளுக்கொரு காரணம். கோ-பைலட்டுக்குக் கமாண்ட் அப்கிரேடு, அதாவது கேப்டன் பதவி, வரப் போகிறது. இன்னொருவருக்கு டிரெயினிங் பாண்டு (பயிற்சிக்காக நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம்) முடிய எட்டு மாதம் பாக்கி. பிடிக்கவில்லை என்று உதறிவிட்டுப் போகவும் முடியாது: 2017 முதல் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ விதிப்படி கமாண்டருக்கு (கேப்டனுக்கு) ஒரு வருடம், கோ-பைலட்டுக்கு ஆறு மாதம் நோட்டீஸ். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் நிறுவனத்தில் அங்கீகரித்த சங்கம் கிடையாது. பைலட் பிரதிநிதி என்று பேஸுக்கு (நாங்கள் பறக்கும் தளத்துக்கு) ஒருவர் உண்டு. ரோஸ்டர் (பணி அட்டவணை) குறைகளை மெயிலில் தொகுத்து அனுப்புவார், "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வரும். அவருக்கு அதற்கு மேல் அதிகாரம் இல்லை.

சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கும் விதியை டிஜிசிஏ 2024 ஜனவரியில் வெளியிட்டது, அப்புறம் அது தள்ளிப்போனது. பைலட் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விடாமல் நின்றதால் 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனக்கு அந்த 12 மணி நேரம் என்றால் வீட்டில் கூடுதலாக ஒரு ராத்திரித் தூக்கம். போக வர ஆறு மணி நேரம் சாலையில் கழிப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஹெட்செட்டுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனாலும் 2024-ல் 11 பேர் கையெழுத்துப் போட்டோம். என் ஆடியோகிராம் நகலை இணைத்தேன். வேண்டாம், அது உனக்கே எதிராகத் திரும்பும் என்று நண்பர்கள் தடுத்தார்கள். நான் கேட்கவில்லை. ஏழு மாதம் பதில் இல்லை. இரண்டு முறை நினைவூட்டினோம். பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது: ஹெட்செட் வாங்கித் தர முடியாது, சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை இயர் குஷனும் மைக் ஃபோமும் தரப்படும். கையெழுத்துப் போட்ட 11 பேருக்கு மட்டுமில்லாமல் எல்லா பேஸிலும் எல்லோருக்கும். போன வாரம் நான் மாட்டியது அப்படி வந்ததுதான். சின்ன பிளாஸ்டிக் கவர், மேலே என் எம்ப்ளாயி நம்பர். அதைப் பிரித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன்.

என்னை இன்னொரு முறை வாங்கச் சொன்னால் வாங்க மாட்டேன். அத்தனை விலை வைத்துவிட்டு, நம் ஊர் வியர்வைக்கு ஒரு வருடம் தாங்காத வளையத்தை மாட்டிக் கொடுப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பத்துக்கு மார்க் கேட்டால் ஐந்துதான் போடுவேன்.

ஆனாலும் காதுதான் முக்கியம், நீ வாங்கு. முதல் சம்பளம் வரும்வரை பொது ஹெட்செட்டுக்கு உள்ளே ஃபோம் இயர் பிளக் வைத்துக்கொள், ஒலியைக் கொஞ்சம் கூட்டினால் கன்ட்ரோலர் பேசுவது கேட்கும். கேபிளை மட்டும் தனியாக மாற்ற முடிகிற மாடலாகப் பார். நாளைக்கு ஏர்பஸ்ஸுக்குப் போனால் அங்கே ஐந்து பின் பிளக், முழு ஹெட்செட்டையும் மாற்ற வேண்டி வரக்கூடாது. சேர்ந்ததும் ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள், மெடிக்கலுக்காக இல்லை, உனக்காக. ஹெட்செட் பில்லையும் தொலைத்துவிடாதே. அடுத்த கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனோடு எல்லோருடைய பில்லையும் இணைக்கப் போகிறேன்.