கடைசித் துண்டு: லேசான ட்ரைபாட்டோடு நாலு வருடம்

போன செவ்வாய்க்கிழமை, கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் போனை நீட்டினார். நான் வைத்திருக்கும் அதே கேமரா ட்ரைபாட், விலை பத்தாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. "அண்ணா, வாங்கிரட்டுங்களா?" என்றார். நான் 2021 நவம்பரில் 14,500 கொடுத்து வாங்கியது. ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கேட்ட அன்றைக்கு அதே ட்ரைபாட்டின் ஒரு கால் எங்கள் வீட்டுக் கூடத்தில் செய்தித்தாள் மேல் பிரிந்து கிடந்தது, அதனால் உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்ததும் இவ்வளவு நீளமாகிவிட்டது.

கார்பன் ஃபைபர், ஒவ்வொரு காலும் ஐந்து துண்டு, இழுத்த துண்டை இறுக்கிப் பிடிக்கத் திருகு லாக், கால்கள் மேல்பக்கமாக மடிந்து பால் ஹெட்டை (கேமராவை மாட்டித் திருப்பும் உருண்டைத் தலையை) சுற்றி உட்காரும் வகை. இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது, அதைத் திரும்பச் சொல்லவில்லை. எடையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பெட்டியில் அச்சடித்திருப்பது கேமராவை மாட்டும் பிளேட், பை தொங்கவிடும் கொக்கி எதுவும் சேர்க்காத எடை. எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில் வைத்தால் 1 கிலோ 310 கிராம். மடித்தால் 41 செ.மீ., அதாவது நான் அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் அதே முதுகுப்பைக்குள் படுத்துக்கொள்ளும். எனக்கு முக்கியம் அதுதான்.

இதற்கு முன்னால் வைத்திருந்தது அலுமினியம், ஹெட்டோடு சேர்த்து 2.4 கிலோ, நெம்பித் திறந்து மூடும் கிளிப் லாக். குறை சொல்ல முடியாத சாமான், பாறை மாதிரி நிற்கும். ஆனால் ஆறு வருடத்தில் என்னோடு வெளியூர் வந்தது ஐந்து தடவைதான். நான் காரில் போகிறவன் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து பஸ், இல்லாவிட்டால் வண்டி. பொள்ளாச்சியில் ஏறி வால்பாறைக்கு நின்றுகொண்டே போகும்போது, தோளில் தொங்கும் இரும்புத்தடி மாதிரியான ஒன்று பக்கத்தில் நிற்கிறவர் முட்டியில் இடிக்கும், அவர் திரும்பிப் பார்ப்பார், அடுத்த முறை அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவோம். லேசானது வாங்கிய முதல் வருடத்திலேயே பதினாலு பயணம் கூட வந்துவிட்டது. அதனால் ட்ரைபாட்டில் எடையா உறுதியா என்று யார் கேட்டாலும் நான் எடை பக்கம்தான் நிற்பேன். கூட வராத ட்ரைபாட்டின் உறுதியால் ஒரு படமும் கிடைக்காது.

கிடைத்த படங்கள் அப்படி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில் ஒரு காட்சிமுனை உண்டு, லோம்ஸ் வியூ. சூரியன் விழுந்து வானம் கருநீலமாக இருக்கும் அந்த இருபது நிமிடத்தில், கீழே அணைத் தண்ணீர் வெள்ளித்தட்டாகக் கிடக்க, வளைவில் இறங்குகிற பஸ்ஸின் விளக்கு ஒரு சிவப்புக் கோடாக விழும். முப்பது வினாடி எக்ஸ்போஷர், அதாவது ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்தே இருக்கும். அதைப் பார்க்க எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. அப்புறம் ஒரு ஜனவரியில் ஊட்டி தலைகுந்தாவில் விடிகாலை உறைபனி எடுக்கப் போனேன். பழைய அலுமினியக் காலை அந்தக் குளிரில் வெறும் கையால் பிடித்தால் விரல் சுரீர் என்று இழுக்கும். கார்பன் அப்படி இல்லை, கையின் சூட்டை உறிஞ்சாது. வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பனி மூடிய புல்லுக்குப் பக்கத்தில் கால்களை அகல விரித்து, நடுத் தண்டைக் கழற்றிவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கேமராவை வைத்து முக்கால் மணி நேரம் மண்டியிட்டு இருந்தேன். அந்த விடியல் மறக்காது.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

ஐந்து துண்டுக் காலில் கடைசித் துண்டு என் சுண்டு விரல் கனம்கூட இல்லை. மேலே 22 மி.மீ. குழாய், ஒவ்வொரு துண்டும் அதற்குள் நுழைய வேண்டும் என்பதால் கீழே போகப் போக மெலிந்துகொண்டே வரும். குட்டியாக மடிய வேண்டுமென்றால் துண்டு அதிகமாக வேண்டும், துண்டு அதிகமானால் கடைசித் துண்டு குச்சியாகும். இது எந்த நிறுவனம் செய்தாலும் மாறாது, அதனால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. காற்றடித்தால் கடைசித் துண்டை இழுக்காமல், தடித்த துண்டுகளை மட்டும் நீட்டி, நடுத் தண்டை ஏற்றாமல், குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் பழகினேன்.

ஆனால் மணலும் கடல் தண்ணீரும் உள்ள இடத்தில் விதி அப்படியே தலைகீழ். அங்கே கடைசித் துண்டைத்தான் முதலில் முழுசாக இழுக்க வேண்டும். லாக் எல்லாம் மணலுக்கும் அலைக்கும் மேலே இருக்கட்டும், கீழே வெறும் குழாய் மட்டும் புதையட்டும் என்பதற்காக. இல்லாவிட்டால் லாக்கில் கையால் திருகும் பாகமான காலரின் மரைக்குள் மணல் போகும். இப்போது தனுஷ்கோடியை நினைத்துப் பாருங்கள். மணலும் உண்டு, அலையும் உண்டு, காற்று ஒரு நொடி ஓயாது. காற்றுக்காகக் கடைசித் துண்டை மடக்கினால் லாக் மணலில். மணலுக்காக இழுத்தால் கேமரா குச்சி மேல். நாலு வருடமாக எனக்கும் இந்த ட்ரைபாட்டுக்கும் நடக்கிற சண்டை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரில் மிச்சமிருக்கும் பவளக்கல் தேவாலயச் சுவரை நிறைய பேர் எடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சுவர் அசையாமல் நிற்க, மேலே மேகம் மட்டும் இழுபட்டு ஓடுகிற மாதிரி ஒரு படம் வேண்டியிருந்தது. வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் போட்டால் முப்பதில் ஒரு பங்கு வினாடி எக்ஸ்போஷர் அரை நிமிடத்துக்கு மேல் நீளும். போன பிப்ரவரியில் போனேன், காலையிலேயே நின்று பதினொரு படம் எடுத்தேன். பையைக் கொக்கியில் மாட்டி, அது ஆடாமல் இருக்க அடிப்பாகம் தரையைத் தொடுகிற மாதிரி விட்டேன். கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷனை அணைத்தேன். இரண்டு வினாடி டைமர். செய்ய வேண்டியது எல்லாம் செய்தேன். ராத்திரி ராமேஸ்வரத்து அறையில் மடிக்கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் பதினொன்றிலும் சுவரின் விளிம்பு இரண்டாகத் தெரிந்தது. காற்றில் நடுங்கியிருந்தால் எல்லாப் பக்கமும் கலங்கும். இது ஒரே பக்கமாக, கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. ஒரு கால் அரை நிமிடத்தில் ஒரு மயிரிழை உள்ளே இறங்கியிருக்கிறது. நன்றாகத்தான் திருகியிருந்தேன். கை வலிக்கத் திருகினாலும் இறங்குகிறது என்றால் பிறகு எதை நம்பி நிற்பது?

வீட்டுக்கு வந்து, லாக்குக்குள் குழாயைக் கவ்வும் பிளாஸ்டிக் வளையம் வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு வந்தது: அந்தப் பாகம் தனியாக விற்பனைக்கு இல்லை, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, புது மாடலுக்குத் தள்ளுபடி தருகிறோம். இருபது ரூபாய் பெறாத ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்காக முழு ட்ரைபாட்டையும் தூக்கிப் போடச் சொல்வது எந்த ஊர் நியாயம்? கார்பன் குழாயில் ஒரு கீறல் இல்லை. பால் ஹெட் நன்றாக இருக்கிறது. உயிர் போனது அந்த வளையத்துக்கு மட்டும்.

நானே பிரித்தேன். கடைசிக் காலரை முழுசாகத் திருகிக் கழற்றி இழுத்தால் குழாய் கையோடு வந்துவிடும். அதன் மேல்நுனியில் இரண்டு பாதி ஓடுகள் மாட்டியிருக்கும், குழாய் சுற்றாமலும் கழன்று விழாமலும் பிடிப்பது அவைதான். காலருக்குள்ளே கூம்பாகக் கடைந்த வளையம் ஒன்று, ஒரு பக்கம் பிளந்திருக்கும். காலர் இறுகும்போது அந்தக் கூம்பு நெருங்கி உள்குழாயைக் கவ்வும். என்னுடையதில் மரையெல்லாம் கறுப்புக் களிம்பு, கிரீஸும் மணலும் குழைந்தது. விரலில் தேய்த்தால் நறநற. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துத் துடைத்துவிட்டு வளையத்தை வெளிச்சத்தில் பிடித்தால் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. மணல் அதை உப்புத்தாள் போட்டதுபோல் தேய்த்திருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், முதல் மூன்று கடற்கரைப் பயணத்துக்கு அப்புறம் நான் ட்ரைபாட் காலை நல்ல தண்ணீரில் கழுவவில்லை. துணியால் துடைத்ததோடு சரி. அந்த மணல் அன்றைக்கே உள்ளே போயிருக்கும். பாதித் தப்பு என்னுடையது. ஆனால் தேய்கிற பாகம் என்று தெரிந்தே செய்த ஒன்றை மாற்றக் கொடுக்காதது என் தப்பில்லை.

கோயம்புத்தூரில் இருப்பதில் ஒரு சௌகரியம், லேத் பட்டறைக்கு அலைய வேண்டாம். கணபதி பக்கம் ஒரு பெரியவரிடம் வளையத்தையும் குழாயையும் காலரையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பம்பு செட் பாகங்கள் கடைகிற இடம், இதை ஒரு பொருட்டாக எடுப்பாரா என்று தயக்கம். வெர்னியரை வைத்து மூன்று இடத்தில் அளந்தார், வளையத்துக்குள் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "உள்ள தேஞ்சு வழுக்கிருச்சுங்க தம்பி. காலர் மேல தப்பில்லீங்க" என்றார். நைலானில் கடையச் சொன்னேன். "நைலான் ஈரங் குடிச்சு உப்புமுங்க, நீங்க தண்ணீல வைக்கற சாமான்ங்கறீங்க. டெல்ரின்ல போட்டுத் தர்றேன்." டெல்ரின் என்பது ஈரம் அதிகம் இழுக்காத ஒரு கெட்டி பிளாஸ்டிக். கூம்பின் சாய்வைப் பழைய வளையத்திலிருந்தே எடுத்து, கடைந்து, உள்பக்கம் லேசாகச் சொரசொரப்பு விட்டு, ஹாக்ஸா பிளேடால் ஒரு பக்கம் பிளந்து கொடுத்தார். மூன்று காலுக்குமாக மூன்று, 450 ரூபாய். போகும்போது ஒன்று சொன்னார், கவ்வுகிற இடத்தில் கிரீஸ் படவே கூடாது, மரைக்கு மட்டும் ஒரு சொட்டு. நான் இத்தனை நாள் எல்லா இடத்திலும் தாராளமாகத் தடவிக்கொண்டிருந்தேன்.

இரண்டு காலுக்கு மாட்டிவிட்டு, கேமராவை ஏற்றி, மேலே இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டி, காலில் பென்சிலால் கோடு போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் கோடு அதே இடத்தில் இருந்தது. எவ்வளவு நிம்மதி என்று எழுதிக் காட்டத் தெரியவில்லை.

பெட்டியில் எட்டு கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த எண்ணுக்கு எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சோதித்துப் போடுகிறார்கள். ஒடியாமல் தாங்குவது வேறு, நடுங்காமல் நிற்பது வேறு. என் கேமராவும் லென்ஸும் சேர்ந்தே ஒரு கிலோவுக்குள்தான், அதற்கே கடைசித் துண்டு தடுமாறுகிறது. இன்னொன்று, பயணம் என்றதும் கோவில்களை மனதில் வைத்து வாங்குகிறவர்கள், தஞ்சைப் பெரிய கோவில், மாமல்லபுரம், ஹம்பி என்று தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட்டுக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எவ்வளவு குட்டியாக மடித்தாலும் ட்ரைபாட் ட்ரைபாட்தான். ஹம்பியில் நான் மதங்க மலை உச்சியில் வைத்து எடுத்ததோடு திரும்பினேன்.

ஆக, தம்பிக்கு என் பதில்: இதை வாங்க வேண்டாம். நாலு துண்டுக் கால் பாருங்கள், மடித்தால் ஏழெட்டு செ.மீ. கூடும், பரவாயில்லை, பைக்கு வெளியே ஒரு வார் போட்டுக் கட்டிக்கொள்ளலாம். கடைக்குப் போனால் எல்லாக் காலையும் முழுசாக நீட்டி, ஹெட் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே ஒரு நிமிடம் நில்லுங்கள். விற்கிறவரிடம் லாக் வளையம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், விழித்தால் வந்துவிடுங்கள். கடல் பக்கம் அதிகம் போகிறவர் என்றால் கிளிப் லாக் நல்லது, திறந்து மூடுவது கண்ணுக்குத் தெரியும், தளர்ந்தால் ஒரு எல் கீயால் இறுக்கிக்கொள்ளலாம்.

இதைச் சொன்னதும் அவர், "அப்பறம் நீங்க அத என்ன பண்ணப் போறீங்கண்ணா, எனக்கே குடுத்தர்றீங்களா?" என்று கேட்டார். கொடுக்க மனசில்லை. இரண்டு காலுக்குப் புது வளையம் மாட்டியாகிவிட்டது, மூன்றாவதை இந்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை ராத்திரி ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். அந்தச் சுவர் இன்னும் பாக்கி இருக்கிறது.