பெயரில் சிரிப்பு, ஸ்கில்லில் சொதப்பல்: வலோரன்ட், புதுச்சேரிப் பார்வையில்

2020ல் வந்த இந்த இலவச துப்பாக்கிச் சண்டை கேமில் சிரிப்பு லோடிங் திரையிலேயே ஆரம்பிக்கிறது. ஆடுபவர் வைத்துக்கொள்ளும் பெயருக்கு 16 எழுத்து வரை, # போட்டபின் 3 முதல் 5 வரை. நம்ம ஊர்ப் பகுதியான 'பாக்கமுடையன்பெட்' ஆங்கில எழுத்தில் 15, மட்டுமட்டாக அடங்கிவிடும். பின்னால் 'பாஸ்' ஒட்ட இடமில்லை. # பக்கத்துக்கு வண்டி எண் அழகு: நம்மவர்களுக்கு பிஒய்01, கடலூர்க்காரர்களுக்கு டிஎன்31. ஆனால் நீளப் பெயர் மைக்கில் தொல்லை. "பாக்கமுடையன்பெட், பின்னாடி!" என்று முடிப்பதற்குள் ஆள் காலி. 'கருவாடு' போதும்.

ஸ்கில், அதாவது ஒவ்வொரு கேரக்டரின் தனித்திறன்தான் கேமின் உயிர். ஃபீனிக்ஸ் என்ற கேரக்டரின் ஃபிளாஷ் (கண்ணைக் கூசவைக்கும் ஒளிப்பந்து) இடது கிளிக்கில் இடப்பக்கம் வளையும், வலது கிளிக்கில் வலப்பக்கம். மாற்றி அழுத்தினால் சுவரில் மோதி வெடித்து சொந்த டீமின் கண்ணையே கூசவைக்கும். ஆகவே மூலையை ஒட்டி நில்லுங்கள், சொல்லிவிட்டு வீசுங்கள், வெடித்த உடனே எட்டிப் பாருங்கள். ஒரு நொடி தாமதித்தாலும் வீண்.

இன்னொரு கேரக்டர் சேஜ் எழுப்பும் சுவரை வலது கிளிக்கில் திருப்பலாம். எழுந்த சில நொடிகள் அது பலவீனம், அதற்குள் சுட்டால் உடையும். சோவா என்ற கேரக்டரின் வேவு அம்பையும் எதிரி சுட்டு உடைப்பான், கண்ணில் படாத உயரத்தில் குத்துங்கள்.

வாங்கிய ஸ்கில் பயன்படாவிட்டால் அடுத்த ரவுண்டுக்கும் நிற்கும். கேம் காசு 2900க்கு வேண்டல் துப்பாக்கி வாங்கிவிட்டு ஸ்மோக் (மறைக்கும் புகை) இல்லாமல் ஓடுவது கஞ்சத்தனம்.

பெரிய எரிச்சல், ஏமாற்றுபவர்களைத் தடுக்கும் மென்பொருளான வேன்கார்ட். விண்டோஸ் 11ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அம்சங்கள் இரண்டும் பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்கில்) ஆனாக இல்லையென்றால் கேமே திறக்காது.