பெனலோப்பி: ஊடை நூலா, வாத்தா?

கிரேக்க நாட்டில் இன்றும் ‘பினெலோப்பி’ என்று பெண்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். வீட்டில் ‘போப்பி’ என்று கூப்பிடுவதும் உண்டு. ஒடிசி காவியத்தில் இருபது ஆண்டுகள் கணவனுக்காகக் காத்திருந்த இத்தாக்கா அரசியின் பெயர் இது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டு கட்சிகள் உண்டு.

முதல் கட்சி தறியைக் காட்டும். ‘பேனே’ என்றால் ஊடை நூல், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நூல். ‘ஓப்ஸ்’ என்றால் முகம், கண். கதையும் கைகொடுக்கிறது. 108 பேர் அவளை மணக்க வந்து அரண்மனையிலேயே தின்று கிடக்கிறார்கள். மாமனார் லயர்ட்டஸுக்கு ஈமத்துணி நெய்து முடித்தபின் பதில் சொல்கிறேன் என்கிறாள். பகலில் நெய்ததை இரவில் பந்த வெளிச்சத்தில் பிரித்துப் போடுகிறாள். மூன்று ஆண்டுகள் இப்படியே ஓட்டிவிட்டாள். நான்காம் ஆண்டில்தான் பணிப்பெண்களால் குட்டு வெளிப்பட்டது. பெயர்ப் புத்தகங்கள் ‘நெய்பவள்’ என்று பொருள் போடுவது இந்தக் காட்சியை நம்பித்தான்.

இரண்டாம் கட்சிக்கு ஆதாரம் ‘பேனெலொப்ஸ்’ என்ற வாத்து. கடலில் வீசப்பட்டவளை வாத்துகள் கரைசேர்த்ததால் இந்தப் பெயர் வந்தது என்று பழைய உரைகாரர்கள் ஒரு கதை சொல்வார்கள். பெயருக்கு விளக்கம் தர எழுந்த கதை மாதிரித்தான் இருக்கிறது; அதை நான் சாட்சியாக எடுக்கமாட்டேன்.

எழுத்தைப் பார்ப்போம். பேனேயும் ஓப்ஸும் சேர்ந்தால் நடுவில் அந்த ‘ல்’ எப்படி வந்தது? அதற்கு வேறு வேர்களைத் தேடி ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. வாத்தின் பெயரிலோ ‘பேனெலொப்’ முழுசாக அப்படியே இருக்கிறது. லெஸ்போஸ் தீவுக் கவிஞர் அல்கேயஸ் பல வண்ணக் கழுத்துள்ள, நீண்ட சிறகுள்ள பறவையாக அதைப் பாடியிருக்கிறார். உயிரினப் பெயரைப் பெண்ணுக்கு வைப்பதும் கிரேக்கர்களுக்குப் புதிதல்ல: மெலிஸ்ஸா தேனீ, டோர்காஸ் மான். அதனால் என் கணக்கில் வாத்துக்கே வலு அதிகம். ஆனால் காவியத்தைக் கேட்டவர்கள் காதில் ‘பேனே’ ஒலிக்காமல் இருந்திருக்காது. நெசவு சூழ்ச்சி அவளோடு இவ்வளவு இறுகப் பிணைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் ஒரு வாத்துக்கு ‘பெனலோப்பே’ என்றே அறிவியல் பெயர் சூட்டினார். பழைய கிரேக்கர் சொன்ன வாத்து இதுவேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் தமிழக நீர்நிலைகளுக்கும் வலசை வரும் அதை நாம் ‘நாமத்தலை வாத்து’ என்கிறோம். செம்பழுப்புத் தலையில் நெற்றியிலிருந்து உச்சிவரை வெளிர்மஞ்சள் பட்டை இருந்தால் அது ஆண்.